பாஞ்சோவுக்கு நான் காட்டிய தீ

1

கவினுடைய பாஞ்சோவை நான்தான் கெடுத்தேன். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நாலு பக்கம் எழுதி, மழை மேலேயும் அமெரிக்கா மேலேயும் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன். எனக்கு அந்தக் குணம் உண்டு.

கவின் என் மகன். இருபத்திரண்டு வயது. இங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரத் தூரத்தில், ஒரு பெரிய நகரத்தில் வேலை பார்க்கிறான். நான் இருப்பது டென்னசி மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். ஓசூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில், கருவிகளும் அச்சுகளும் செய்கிற டூல்ரூமில் இருந்தவனை, அவர்களுடைய இந்த ஊர் ஆலைக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இந்த ஆடியோடு பதினேழு வருஷம் ஆகிறது.

மனைவி ஜெயா இப்போது ஓசூருக்குப் பக்கத்தில் சூளகிரியில், அவள் பிறந்த வீட்டில் இருக்கிறாள். மாமனார் தக்காளித் தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று போனவளுக்கு இது பதினோராவது மாதம். ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே தங்கினால் திரும்பி வருவதற்குத் தனியாக ஒரு அனுமதித்தாள் வேண்டும். கிளம்பும்போதே மனுப் போட்டு, கைரேகை கொடுத்து வைத்தோம். அந்தத் தாள் இன்னும் வந்தபாடில்லை. மனு எந்த நிலையில் இருக்கிறது என்று தினமும் கம்ப்யூட்டரில் பார்க்கிறேன். 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரியைத் தினமும் படிக்கிறேன்.

ஆக, வீட்டில் நான் மட்டும். கவின் தனி வீடு பார்த்துப் போனபோது கட்டிலைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனான். பாஞ்சோவையும் விட்டுவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுக்காரன் சத்தம் போடுவான் என்று காரணம் சொன்னான். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருவான், இரண்டு மணி நேரம் மாடியில் உட்கார்ந்து வாசிப்பான், சாப்பிடுவான், போவான். கீழே அடுப்படியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பாஞ்சோ இந்த வீட்டில் இருக்கிறவரைக்கும் அவன் வருவான் என்பதுதான் என் கணக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறு எதற்காகவும் அவன் வருவான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

2

பாஞ்சோ என்றதும், நம் ஊர் பஜனைக் கோஷ்டியில் பொத்தானை அமுக்கி வாசிப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேறு. வட்டமான மரச்சட்டத்தில் தோல் கட்டி, நீளமாக ஒரு கழுத்து வைத்து, ஐந்து தந்தி இழுத்தது. ஜெயா முதன்முதலில் பார்த்துவிட்டு, "என்னாங்க இது, தப்பட்டைக்குக் கழுத்து மொளச்ச மாதிரி இருக்குது!" என்றாள்.

கவின் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கும்போது, இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இறந்துபோய், அவர் வீட்டுச் சாமானை எல்லாம் வாசலில் பரப்பி விற்றார்கள். அதில் வாங்கி வந்தான். நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்றார்கள். செய்தவன் பெயர்கூட அதில் இல்லை. தோலை இழுத்துப் பிடிக்கச் சட்டத்தைச் சுற்றி இருபத்திநாலு பித்தளைக் கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகாணி. அதில் இரண்டு கொக்கி இல்லை. ஆலையில் சாப்பாட்டு இடைவேளையில் லேத்தில் போட்டு இரண்டையும் நானே செய்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எது புதுசுன்னே தெரியலப்பா" என்றான். டூல்ரூம்காரனுக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. அந்த வாரம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம்.

அந்த வாரத்தில் அவன் சொல்லித் தெரிந்துகொண்டது இது. தந்தியைத் தட்டுகிறோமே தவிர, சத்தம் வருவது தோலிலிருந்து. வீணையில் இருப்பதைப் போலவே இதிலும் ஒரு குதிரை உண்டு. சின்ன மரத்துண்டு. தோலின்மேல் சும்மா நிற்கும், தந்திகள் அதை அமுக்கிப் பிடித்திருக்கும். தந்தியின் அதிர்வு குதிரை வழியாகத் தோலுக்குள் இறங்குகிறது. அதனால் அன்றைக்குத் தோல் எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் சத்தம். இது கன்றுத்தோல். வெயில் காய்ந்தால் விறைத்துக்கொண்டு 'டிங்' என்று மேலே போகும். நாலு நாள் மழை பிடித்தால் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும். குதிரை கீழே இறங்கும், தந்திகள் கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுகளில் உரசி நறநறக்கும், 'டொப் டொப்' என்று சளி பிடித்த தொண்டை மாதிரி ஆகிவிடும்.

இப்போது எல்லோரும் பிளாஸ்டிக் தோல்தான் போடுகிறார்கள். மழையோ வெயிலோ அதற்கு ஒன்றும் ஆகாது. "அதைப் போட்டுத் தொலையேன்டா, பராமரிப்பே கிடையாது" என்று இரண்டு வருஷம் அவன் உயிரை எடுத்தேன். ஒரு தடவை போட்டும் பார்த்தான். பளீரென்று, உரக்க, சுத்தமாகக் கேட்டது. எனக்குப் பிடித்திருந்தது. ஒரே வாரத்தில் கழற்றிவிட்டான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்குள்ள வேற யாரோ உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்றான். அவன் ஆங்கிலத்தில் பேசுவதைத்தான் இங்கே எல்லா இடத்திலும் தமிழில் எழுதுகிறேன்.

தந்தியிலும் நான் சும்மா இருக்கவில்லை. அவன் பிறந்தநாளுக்குக் கடையிலேயே உசத்தியான எஃகுத் தந்தி வாங்கிக் கொடுத்தேன். இந்தக் காலத்துப் பாஞ்சோவுக்கு அது சரி. இது ஆட்டுக்குடல் நரம்பு போட்ட காலத்தில் செய்தது. கழுத்துக்குள் இரும்புக் கம்பி கிடையாது, வெறும் மரம். எஃகுத் தந்தி இழுக்கிற இழுப்பில் வில்லாக வளைந்துவிடும். அதனால் நரம்புக்குப் பக்கத்தில் வருகிற நைலான் தந்திதான் போடுவான். எஃகில் வாசித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். நைலானில் வருகிற உருண்டையான சத்தம் அந்த அறையோடு நின்றுவிடும். வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டான். "போட்டியா? ஏன்டா போடல?" என்று ஒரு வருஷம் கேட்டேன். என்னோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை என்று ஜெயா சொல்வது பொய் இல்லை.

3

நான் வளர்ந்தது ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். எங்கள் லைன் வீடுகளில் மதுரைக்காரர், சேலத்துக்காரர், கன்னடக்காரர், தெலுங்குக்காரர் எல்லாரும் உண்டு. குழாயடியில் ஒரு பேச்சு தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் திரும்பித் தெலுங்கில் முடியும். சூபர்வைசரிடம் இங்கிலீஷ். யாரும் யாரையும் திருத்தியதில்லை. புரிந்ததா, போதும்.

அந்த ஊரில் வளர்ந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? கவினுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, வீட்டுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் முன்னால் அவனை நிறுத்தி, 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னேன். சரியாக வரவில்லை. திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு என்று ஆறு தடவை. ஏழாவது தடவை "பனானா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அவன் அம்மாவிடம் கொஞ்சம் தமிழ் பேசுவான். என்னிடம் ஆங்கிலம்தான், எப்போதாவது ஒன்றிரண்டு வார்த்தை தவறி விழுந்தால் உண்டு. சாதித்தேன் பாருங்கள்.

இன்னொரு விஷயமும் அந்த மூக்கண்டப்பள்ளியிலிருந்து கொண்டுவந்தேன். ஆடி மாதம் எங்கள் லைனில் மாரியம்மன் பண்டிகை நடக்கும். எனக்கு இருபத்தாறு வயது, விழாக் கமிட்டியில் இருந்தேன். தப்பட்டைக்காரர்கள் குருபரப்பள்ளிப் பக்கத்திலிருந்து வருவார்கள். ஓசூர்ச் சாரல் தெரியுமே, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். தோல் நனைந்து மந்தமாகிவிடும். தீ மூட்டித் தோலைக் காய்ச்சினால்தான் அடிக்க முடியும். வைக்கோலும் ஈரம். அதனால் கம்பெனியில் பாகங்கள் வந்து இறங்குகிற அட்டைப்பெட்டிகளைச் சேர்த்து வைத்துக் கொண்டுவந்து போடுவது என் வேலை. செட்டுக்குத் தலைவர் முனியப்பன் தீக்கு முகம் காட்டித் தப்பட்டையைப் பிடித்து, விரலால் தட்டித் தட்டிக் கேட்பார். "தோலு இன்னம் ஏறல சார். இன்னம் ரெண்டு அட்டை போடுங்க" என்பார். போடுவேன். திடீரென்று ஒரு தட்டில் சத்தம் மாறும் பாருங்கள்! சாமி ஊர்வலத்தைவிட எனக்கு அந்த நிமிஷம்தான் பண்டிகை.

ஈரம் தோலைத் தளர்த்தும், தீ இறுக்கும். தோலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பதில் உள்ள ஆபத்து இதுதான், முழுசாகத் தெரிந்த மாதிரியே இருக்கும்.

4

போன மாதம் இங்கே ஒன்பது நாள் விடாமல் மழை. முந்தின சனிக்கிழமை வந்த கவின் பத்து நிமிஷம் வாசித்துப் பார்த்துவிட்டு, சரிப்படவில்லை என்று பெட்டிக்குள் வைத்தான். பாதி சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான். மழை இப்படியே இருந்தால் அடுத்த வாரம் வருவது சந்தேகம் என்றான்.

அந்த வார்த்தை எனக்குள் வேலை செய்ய ஆரம்பித்தது. அடுத்த சனிக்கிழமை காலையில் ஏழு மணிக்கே பாஞ்சோவை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். முதலில் திருகாணிகள். கார் சக்கரத்துக்கு நட்டு முறுக்குவதுபோல, ஒன்றை முறுக்கினால் அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பதை அடுத்து முறுக்கி, இருபத்திநாலையும் கால் சுற்று இறுக்கினேன். தட்டினேன். கொஞ்சம் தேவலை. இன்னொரு கால் சுற்று. இன்னும் தேவலை, ஆனால் 'டிங்' வரவில்லை. மூன்றாவது சுற்றும் முறுக்கினேன். தோல் ஈரமாக இருந்ததால் எவ்வளவு இழுத்தாலும் கொடுத்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் மண்டையில் முனியப்பன் வந்தார். மழை சற்று விட்டிருந்தது. ஷெட்டில் கிடந்த அட்டைப்பெட்டிகளைக் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்தினேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயது ஆள் லுங்கியோடு பாஞ்சோவை நெருப்புக்குக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து என்ன நினைத்தாளோ, திரையை மூடிவிட்டாள்.

விரலால் தட்டிக்கொண்டே இருந்தேன். டொப். டொப். டொம். பிறகு சத்தம் மாறியது. அய்யோ, அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவேன்! ஐந்து தந்தியையும் ஒரு தடவை வருடினேன். ஒவ்வொன்றும் தனித்தனியாக, மணியாக விழுந்தது. கவின் கையில்கூட அது அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சந்தோஷம் தாங்கவில்லை. அவனுக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்து, பதிவுப் பொத்தானை அமுக்கி, மறுபடியும் வருடினேன். ஏழு விநாடி. எட்டாவது விநாடியில் 'பட்' என்று துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். குதிரை பறந்து புல்லில் விழுந்தது. தோல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கிழிந்திருந்தது.

தப்பட்டைக்குத் திருகாணி கிடையாது. தோலைச் சட்டத்தில் ஒட்டியாயிற்று என்றால், பிறகு இறுக்குவது தீ மட்டும்தான். பாஞ்சோவுக்குத் திருகாணி உண்டு. கம்பெனிக்காரன் புத்தியில் ஈரத்தோலை முழுக்க முறுக்கியும் வைத்தேன், மூக்கண்டப்பள்ளிக்காரன் புத்தியில் தீயையும் காட்டினேன். இரண்டு இழுப்பையும் அது தாங்குமா? சுருங்குவதற்கு இடமே இல்லாமல் சுருங்கிக் கிழிந்துவிட்டது. டூல்ரூமில் முப்பது வருஷம் இழுவிசை பேசிய ஆளுக்கு அந்த நிமிஷம் இது உறைக்கவில்லை.

5

ஜெயாவுக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். தோட்டத்துக்கு எதிரிலேயே ஹைவே, பஸ் ஹாரன் காதைப் பிளந்தது. தக்காளி எடுக்க வந்தவரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லி, அவளுடைய அப்பாவிடம் தெலுங்கில் ஏதோ சொல்லி, கடைசியாக என்னிடம் தமிழுக்கு வந்தாள்.

"என்னாங்க, இந்நேரத்துக்கு?"

சொன்னேன். முதலில் சிரித்தாள். பாஞ்சோவுக்கு அட்டை கொளுத்திய ஒரே ஆள் உலகத்திலேயே நீங்கதான் என்றாள். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திவிட்டாள்.

"அவங்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"மழையில தானா கிழிஞ்சிடுச்சின்னு சொல்லலாம்னு பாக்கறேன். பழைய தோல்தானே. அப்பிடிக் கிழியறதும் உண்டாம்."

"வேணாங்க."

"அது போயிடுச்சின்னா அவன் எதுக்கு ஜெயா இங்க வருவான்?"

"பொய் சொல்லி வரவெச்சு என்னாத்துக்குங்க ஆவுது? இப்பவே போனப் போடுங்க. அவன் கெளம்பறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. நேர்ல வந்து பாத்தான்னா இன்னும் கஷ்டம்" என்றாள்.

போட்டேன். ஒன்றையும் மறைக்காமல், எத்தனை சுற்று, எத்தனை பெட்டி என்பது வரை சொன்னேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். "பரவாயில்லை, கவலைப்படாதீங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னான். கடையில் யாராவது காலை மிதித்துவிட்டால் சொல்வார்களே, அதே குரல். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

6

பதினொன்றரைக்கு வந்தான். கிழிந்த தோலை விரலால் தடவிப் பார்த்தான். நான் போனில் எடுத்த பதிவைத் தனக்கு அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். அடுப்படியில் நின்றபடியே மூன்று தடவை போட்டுக் கேட்டான். ஒவ்வொரு தடவையும் எட்டாவது விநாடிக்குக் கண்ணை மூடிக்கொண்டான்.

"எனக்கு இது ஒருநாளும் இவ்ளோ நல்லா பேசினதில்ல" என்றான்.

எப்போதோ வாங்கி, பிரிக்கப் பயந்து வைத்திருந்த ஒரு புதுத் தோலைக் காரிலிருந்து கொண்டுவந்தான். குளியல் தொட்டியில் தண்ணீர் விட்டு ஊறப்போட்டோம். அரை மணி நேரத்தில் ஈரத்துணியாகிவிட்டது. தோலின் ஓரத்தை ஒரு கம்பி வளையத்தின்மேல் மடித்து, சட்டத்தில் வைத்து, அவன் இழுக்க நான் பிடித்துக்கொண்டேன். கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினோம். "மெதுவா. இறுக்காதீங்க. நிக்கற அளவுக்குப் போதும்" என்றான். அவன் சொல்கிற அளவுக்குத்தான் முறுக்கினேன். அவன் கை என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் அம்மாவின் கை மாதிரி நீளமான விரல்கள். நான் அதைக் கவனித்தே பல வருஷம் ஆகியிருக்கிறது.

ஈரத்தோல் தானாக, மெதுவாகக் காய வேண்டும். இரண்டு நாளாவது ஆகும். அதற்கப்புறம்தான் தந்தி.

"இங்கேயே இருக்கட்டும். நான் தொடக்கூட மாட்டேன்" என்றேன்.

"இல்லப்பா, நான் எடுத்துட்டுப் போறேன். என் வீட்ல ஏசி எப்பவும் ஒரே மாதிரி இருக்கும். இங்க..." என்று நிறுத்தினான்.

இங்கே நீங்கள் இருக்கிறீர்கள் என்பதைத்தான் அவன் சொல்லாமல் விட்டான். தப்பு சொல்ல முடியாது, உண்மைதானே.

காரின் பின் சீட்டில் படுக்க வைத்து பெல்ட் போட்டான். சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தேன். என்ன ஆனாலும் கேட்டுவிடுவது என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய், இது இங்க இல்லன்னாலும் வருவியா?"

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "தெரியலப்பா" என்றான். பொய் சொல்ல அவனுக்கு வராது. அது ஜெயாவிடமிருந்து வந்தது.

7

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பதினோரு மணிக்குத் தெருவில் எந்தக் கார் போனாலும் அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். மாடி அறைக்குப் போய் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாஞ்சோ இருந்தபோதும் அது பேசாமல்தான் இருக்கும், ஆனால் இந்த அமைதி வேறு.

நடுவில் ஆலை டாக்டரிடம் வருஷாந்திரப் பரிசோதனைக்குப் போனேன். படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் பெயர் கேட்டிருந்தார்கள். கவின் பெயரை எழுதினேன். உங்களோடு வசிக்கிறாரா என்று அடுத்த கேள்வி. இல்லை. எவ்வளவு தூரம்? இரண்டரை மணி நேரம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "பக்கத்தில் வேறு யாரும் இல்லையா?" என்று கேட்டாள். பதினேழு வருஷம் இருந்த ஊரில் எழுத ஒரு பெயர் இல்லை. திரையை மூடிய பக்கத்து வீட்டு அம்மாளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. யாருமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை நான் சமைக்கவில்லை. பழைய ரசம் இருந்தது, அது போதும் என்று இருந்தேன். மூன்று மணி இருக்கும், கதவு தட்டினார்கள். சாவி வைத்திருப்பவன் ஏன் தட்டினான் என்று தெரியவில்லை. வாசலில் கவின் நின்றான். பின்னால் காரைப் பார்த்தேன். சீட் காலியாக இருந்தது.

"என்னடா ஆச்சு? மறுபடி கிழிஞ்சிடுச்சா?"

"இல்லப்பா, நல்லாருக்கு. வீட்ல இருக்கு."

வீட்டில் என்று அவன் சொன்னது அவனுடைய வீட்டை. அது எனக்குச் சுருக்கென்று குத்தியது. குத்தியதால்தானோ என்னவோ, "அப்புறம் எதுக்கு வந்தே?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். கேட்ட வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான், தமிழில்.

"சும்மாதான் வந்தேன்."